பிளாட்டினத்துக்கு இடைஞ்சலாக ஓர் ஆய்வுக்கூடம்

மழையில் ஊறிக்கொண்டிருக்கும் ஒரு மாவட்டத்துக்குத் தண்ணீரைச் சேமிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க என்னைக் கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று அங்கே யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பது மட்டும்தான் என் கவலை. கேட்காதவரை நான் நிபுணர்.

வேலை இதுதான். இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில், ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் புதுக் கட்டிடம் கட்டப் போகிறது. இனிமேல் அரசுக் கட்டிடமெல்லாம் பசுமைக் கட்டிடமாக இருக்க வேண்டும் என்று மேலே யாருக்கோ ஞானோதயம். கஜானாவில் காசில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே, 'செலவைக் கவனத்தில் கொண்டு, எட்டக்கூடிய உயரிய சான்றிதழ் இலக்கு ஒன்றை நிர்ணயித்துத் தருக' என்று எங்கள் ஆலோசனை நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார்கள். துண்டு விலையில் பட்டுப்புடவை வேண்டும் என்பதை அரசாங்க நடையில் இப்படித்தான் எழுதுவார்கள்.

பசுமைச் சான்றிதழ் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்கு ஒரு வார்த்தை. அது கட்டிடங்கள் எழுதும் பரீட்சை. தண்ணீர் குறைவாகச் செலவானால் மதிப்பெண், மின்சாரம் குறைந்தால் மதிப்பெண், சைக்கிள் நிறுத்த இடம் விட்டால் மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, தட்டுத் தடுமாறித் தேறியதற்குச் 'சான்று பெற்றது' என்றும், அதற்கு மேல் வெள்ளி, தங்கம் என்றும், முதல் வரிசைக்குப் பிளாட்டினம் என்றும் பட்டம் கொடுப்பார்கள். பரீட்சைக்குக் கட்டணம் உண்டு. டியூஷன் வாத்தியார் நாங்கள். எங்களுக்கும் கட்டணம் உண்டு. பிளாட்டினத்துக்கு அது கொஞ்சம் தாராளமாகவே இருக்கும் என்பதால், எங்கள் எம்.டி. என்னை வழியனுப்பும்போது, "பார்த்து நல்ல இலக்கா வையுங்க" என்றார்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றவர் பெயர் ஃபாரூக். ஓப்பநாயக்க டவுனில் வீடு, சொந்த வேன், ஐம்பதைத் தொடும் வயது, ஓயாத வாய். பெட்டியை வண்டிக்குள் வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"மிஸ், லேப் வருமா, வராதா?"

"எந்த லேப்புங்க?"

"தோட்டத்து ஸ்கூல் லேப் மிஸ். நீங்க அத முடிவு செய்யத்தானே வந்தீக்கிறீங்க?"

நான் இன்னும் முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.

வழி நெடுக விஷயத்தைச் சொன்னார். அவர் மகள் ரிஸ்னா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். நம் ஊர் பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் 'ஏ'. இனி உயர்தரம், அதாவது பிளஸ் டூ. அந்தப் பள்ளியில் தமிழில் கலைப் பிரிவு மட்டும்தான் இருக்கிறது. விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் மலையேறி வேறு மாவட்டத்துக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். ரிஸ்னாவின் அம்மா அதற்கு முடியவே முடியாது என்கிறாள். புதுக் கட்டிடத்தில் ஆய்வுக்கூடம் வந்தால் பள்ளிக்கு விஞ்ஞானப் பிரிவு கிடைக்கும். வராவிட்டால் பெண் கலைப் பிரிவில் உட்கார்ந்து தனக்குப் பிடிக்காததை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

"எல்லாத்துக்கும் ஏ எடுத்த புள்ள மிஸ். டாக்டர் ஆகணும். நான் வேற யார்ட்ட போய்ச் சொல்ல ஏலும்?"

இந்தச் சவாரி உண்மையில் வேறொரு ஓட்டுநருக்கு வந்ததாம். இந்தியாவிலிருந்து ஒரு அம்மா வந்து கட்டிடத்தை முடிவு செய்யப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அந்த ஓட்டுநரின் கையைக் காலைப் பிடித்துச் சவாரியை மாற்றி வாங்கியிருக்கிறார். இதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வழியில் இரண்டு முறை நிறுத்தி எனக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். அங்கே அதைத் தெம்பிலி என்கிறார்கள். என் உத்தியோகத்தில் ஒப்பந்தக்காரர்கள் எவ்வளவோ வழிகளில் என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். தெம்பிலியில் மடங்கியது இதுதான் முதல் தடவை.

வழியில் பெல்மதுளை என்ற ஊரில் தங்கினேன். வந்து இறங்கியபோது பிடித்த மழை காலையிலும் விடவில்லை. எங்கள் ஊர் மழை விருந்தாளி மாதிரி வந்து, காப்பி ஆறுவதற்குள் கிளம்பிவிடும். இது வீட்டோடு மாப்பிள்ளை. ஜன்னலைத் திறந்தால் உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டது.

காலைச் சாப்பாட்டுக்கு முச்சந்தியில் ஒரு கடைக்குப் போனேன். பிளேன்டீ கேட்டேன். அதோடு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், மீன் வைத்த முக்கோண பன் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் கேட்கவே இல்லை. வெளிநாட்டுப் பெண் என்று உபசாரம் பண்ணுகிறார்கள் போலிருக்கிறது, மிச்சம் வைத்தால் மரியாதையாக இருக்காது என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். பக்கத்து மேசைக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஃபாரூக் வந்துதான் சொன்னார், தட்டு சும்மா வைப்பதுதான், வேண்டியதை எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் காசு கொடுப்பதுதான் வழக்கம் என்று.

"கமக் நே மிஸ்," என்றார். பரவாயில்லை என்று அர்த்தமாம். என் வயிறு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் ஏறியதும் எதிரே ஓர் அரசாங்க பஸ் வந்தது. பாதையின் அகலம் ஒன்றரை ஆட்டோ. யார் பின்னால் போவது என்பதில் இரண்டு தரப்புக்கும் சுயமரியாதைப் பிரச்சினை. கண்டக்டர் இறங்கி வந்து ஃபாரூக்கிடம் மகளைப் பற்றி விசாரித்தார். ஃபாரூக் இறங்கிக் கண்டக்டரின் தாயாருடைய கால் வலியைப் பற்றி விசாரித்தார். பஸ்ஸின் முன் ஜன்னலில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல மிஸ்."

"சொல்லுங்க, பரவால்ல."

"ஸ்கூலுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்க இந்தியாவுல இருந்து ஆள் கொண்டாந்தீக்கிறாங்களாம். இங்க பெயின்ட் அடிக்க ஆள் இல்லையாண்டு கேக்குறாங்க."

நியாயமான கேள்விதான். எங்கள் மதிப்பெண் பட்டியலில் பள்ளிக்கு அருகே பஸ் நிறுத்தம் இருந்தால் மதிப்பெண் உண்டு. நிறுத்தம் இருக்கிறது. பஸ் வருமா என்பது கேள்வித்தாளில் இல்லை. வருகிற பஸ் எதிரே வேன் வந்தால் என்ன செய்யும் என்பதும் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் அதிபர் செல்வராணி குடையோடு நின்றிருந்தார். அங்கே தலைமையாசிரியரை அதிபர் என்பார்கள். ஒல்லியான பெண்மணி, கையில் பிரம்பு கிடையாது, அதற்கு வேலையும் இல்லை. அவர் ஒரு பார்வை பார்த்தால் வராந்தா முழுக்க அடங்கியது.

"பாத்து வாங்க மிஸ், வழுக்கும். காலுல சோப்புப் போட்டுக்கிட்டீங்களா? அட்டை இருக்குங்க."

நான் சோப்புப் போட்டுக்கொள்ளவில்லை. நிபுணர்கள் போட்டுக்கொள்வதில்லை. கட்டிடம் வரப்போகும் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் என் கணுக்காலில் மூன்று அட்டைகள் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கான மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டிருந்தன. செல்வராணி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உப்பு வைத்து எடுத்துக்கொண்டே பேசினார்.

அந்த இடத்தில் கட்டிடம் இல்லை, அடிக்கல் இருந்தது. பளபளவென்று கறுப்புக் கல். 'பிளாட்டினம் தரப் பசுமைப் பாடசாலைக் கட்டிடம்' என்று மூன்று மொழியிலும் தங்க எழுத்தில் வெட்டியிருந்தார்கள். இலக்கை நிர்ணயிக்க நான் நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்கிறேன். இலக்கு எனக்கு முன்னாலேயே வந்து, விழா நடத்தி, மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பரீட்சை எழுதுவதற்கு முன்பே மிட்டாய் கொடுத்துவிட்டார்கள்.

"இதை யாருங்க எழுதச் சொன்னது?"

"வந்தவங்க எழுதிக்கிட்டே வந்தாங்க மிஸ். எங்களுக்கும் கல்லப் பாத்துத்தான் தெரியும்."

கல்லுக்குப் பின்னால், மண்ணின் உறுதியைச் சோதிக்க வெட்டிய குழிகள் இருக்க வேண்டும். இருந்தன. ஆனால் வரைபடத்தில் குறித்திருந்ததைப் போல மூன்று மடங்கு அகலத்தில். வெட்டி எடுத்த மண்ணைக் காணவே காணோம். ஃபாரூக் வானத்தைப் பார்த்தார். செல்வராணி உப்புப் பொட்டலத்தை மடித்தார். பிறகு அவர்தான் சொன்னார், இந்த மாவட்டத்தில் எவர் எங்கே குழி வெட்டினாலும் ஊரார் வந்து ஒரு கை பார்ப்பார்களாம். சரளை மண்ணில் மாணிக்கக் கல் இருந்தாலும் இருக்கும். சாக்கில் அள்ளிக்கொண்டு போய் ஓடையில் கூடை வைத்து அரித்துவிட்டார்கள்.

"கிடைச்சுதா?"

"எங்கங்க! சேறுதான் கிடைச்சிச்சு. ஆனா நீங்க மறுபடியும் குழி வெட்டுனா மறுபடியும் வருவாங்க."

தோண்டிய மண்ணைக் குப்பையில் கொட்டாமல் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பது சான்றிதழில் படு சிரமமான மதிப்பெண். கோயம்புத்தூரில் அதற்காக ஒப்பந்தக்காரரோடு தொண்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறேன். இங்கே கேட்காமலே கிடைக்கிறது.

அடுத்தது சைக்கிள் நிறுத்தம். மாடிப்படி போலிருந்த பாதையில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, கடமைக்காகக் கேட்டேன்.

"சைக்கிளா?" செல்வராணி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எறங்குறப்ப நல்லாத்தான் இருக்கும் மிஸ். ஏறுறப்ப சைக்கிள யாரு தூக்கிட்டு வர்றது?"

"நிறுத்தம் இருந்தா போதும். சைக்கிள் வேணும்னு அவசியமில்ல."

"அப்ப சரிங்க. ஆட்டுக்குட்டி கட்டிக்கலாம்."

அவருடைய அறையில் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். தேங்காய்த் துருவல் போட்டுச் சுட்ட கனத்த ரொட்டி. சம்பல் நாக்கைத் தொட்டதும் எனக்குக் கண்ணில் நீர். பால் கலக்காத சாயத் தேத்தண்ணிக்குச் சர்க்கரை போடுவதில்லை. ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு மேலே ஒரு மடக்கு. ஊரில் நான் குடிக்கும் காப்பிக்குத் துரோகம் செய்கிறேன் என்று தெரிந்தே மூன்று கோப்பை குடித்தேன்.

அப்போதுதான் அவர் கதையின் மிச்சத்தைச் சொன்னார். கட்டிடத்தின் பழைய பிளானில் மேல் மாடியில் ஆய்வுக்கூடம் இருந்தது. கொழும்பு அதை அங்கீகரித்தும் விட்டது. அதற்குப் பிறகுதான் பசுமை வந்தது. இப்போது பிளாட்டினத்துக்காகப் பிளானை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு.

"கல்விக் கந்தோர் ஆபீசருங்க தெளிவாச் சொல்லிப்புட்டாங்க மிஸ். லேப்போட பிளான் பாஸாகிக் கையில இருந்தா, கட்டிடம் வர்ற வரைக்கும் பழைய ஹோல்லயே சயின்ஸ் கிளாஸ் ஆரம்பிங்க, சாமான் குடுக்குறோம், டீச்சரும் குடுக்குறோம்னாங்க. ஆனா இந்த வருஷச் சேர்க்கை முடியறதுக்குள்ள பிளான் வரணும். இல்லாட்டி ஆர்ட்ஸ்தான். ஃபாரூக் நாநா மகளோட சேத்து நல்லாப் பாஸ் பண்ண புள்ளைங்க அஞ்சாறு பேரு வீட்டுல காத்துக்கிட்டு இருக்குதுங்க."

அவர் கெஞ்சவில்லை. கருப்பட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். நான் இன்னொரு துண்டு எடுத்துக் கடித்தேன்.

மறுநாள் இரத்தினபுரிக் கந்தோரில், அதாவது அரசு அலுவலகத்தில், பொறியியலாளர் விமலசேனவைச் சந்தித்தேன். கழுத்துப் பட்டி இறுக்கிய, நல்ல மனிதர். தூக்கம் கெட்ட கண்கள். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"மேடம், நாங்கள் ஏற்கனவே கணக்குப் போட்டுவிட்டோம். இருக்கிற பணத்துக்குள் பிளாட்டினம் சாத்தியம்."

"எப்படி?"

"ஆய்வுக்கூடத்தை எடுத்துவிட்டால் போதும்."

கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, கணக்கு சுத்தமாக இருந்தது. தானாக அணையும் விளக்கு, கையை நீட்டினால் சொட்டும் குழாய், சூரியத் தகடு, ஒவ்வொரு மூலையிலும் ஒரு மீட்டர், சான்றிதழ் கட்டணம், எங்கள் கட்டணம். இத்தனைக்கும் பணம் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. அது மட்டுமில்லை. ஆய்வுக்கூடம் மின்சாரம் தின்னும், கேஸ் தின்னும், தண்ணீர் குடிக்கும். அதை எடுத்த உடனே கட்டிடம் திரையில் பச்சை நிறத்துக்குத் தாவுகிறது.

"வகுப்பறைகளையும் எடுத்துவிட்டால் இன்னும் பச்சையாகுமே," என்றேன்.

அவர் சிரிக்காமல் யோசித்தார். "ஆகும். ஆனால் கல் வைத்தாயிற்று."

மலை ஊற்றிலிருந்து மோட்டாரே இல்லாமல் தானாக இறங்கும் தண்ணீருக்கு எதற்குச் சொட்டுக் குழாய் என்று கேட்டேன். பட்டியலில் இருக்கிறது என்றார். ஏசியே இல்லாத கட்டிடத்தில் எதற்கு இத்தனை மீட்டர் என்றேன். பட்டியலில் இருக்கிறது என்றார். அந்தப் பட்டியலை எங்களைப் போன்றவர்கள்தான், வெயிலில் வேகும் ஊர்களில், ஏசி அறைகளில் உட்கார்ந்து எழுதினோம்.

அன்று மாலை பெல்மதுளைக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். கல்லின் மேல் இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்துகிற சத்தத்தில் எம்.டி.யின் தொலைபேசி அழைப்பு பாதிதான் கேட்டது. "பிளாட்டினம் ஆச்சா?" என்ற பாதி நன்றாகவே கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஃபாரூக், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தட்டிலிருந்த கோழித் துண்டை எனக்கு எடுத்து வைத்தார். இலஞ்சம் தெம்பிலியிலிருந்து கோழிக்கு உயர்ந்துவிட்டது என்று நினைத்தபோதே வெட்கமாகவும் இருந்தது. அந்த மனிதர் வேறு எதைக் கொடுப்பார்?

கடைசி நாள், அதே கந்தோரில் கூட்டம். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், நடுவில் பிளாஸ்டிக் பூ. பசுமைக் கூட்டம் என்பதால் ஏசி கொஞ்சம் அதிகமாகவே ஓடியது. நான் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பேசினேன். பிளாட்டினம் வேண்டாம், அதில் பாதி மதிப்பெண் இந்த மலைக்குச் சம்பந்தமில்லாதது, ஆய்வுக்கூடத்தை வைத்துக்கொண்டு, செலவு குறைந்த கடைசி வரிசைச் சான்றிதழை இலக்காக வையுங்கள் என்றேன்.

கட்டிடக் குழுத் தலைவர் வெள்ளை உடுப்பில் கம்பீரமாக இருந்தார். சிங்களத்தில் நீளமாகப் பேசினார். விமலசேன சுருக்கிச் சொன்னார்: "நம் மாவட்டம் கடைசி வரிசையா என்று கேட்கிறார்."

"கடைசி வரிசையில் உட்கார்ந்து பாஸானாலும் பாஸ்தான் என்று சொல்லுங்கள்."

அவர் என்ன சொன்னாரோ, மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அடுத்த சிக்கல் அடிக்கல். பிளாட்டினம் என்று வெட்டியாயிற்றே! கல்லை மாற்றினால் நாட்டியவருக்கு அவமரியாதை. மாற்றாவிட்டால் பொய். அறையில் நிலவிய கவலையைப் பார்த்தால் மலையே சரிந்துவிட்டதோ என்று தோன்றும். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் கல்லுக்கு முன்னால் குரோட்டன் செடி வரிசையாக நடலாம் என்றார். செடி வளரும், எழுத்து மறையும், பசுமைக்கும் பசுமை. ஏகமனதாக நிறைவேறியது. ஆய்வுக்கூடம் தப்பியது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

படியிறங்கி வந்து வேனில் ஏறியதும் ஃபாரூக்கிடம் சொன்னேன். "லேப் உண்டுங்க. முடிவாயிருச்சு."

அவர் கையெடுத்து முகத்தைத் துடைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "அப்ப பிளான் எப்ப கையில வரும் மிஸ்? அதிபர் டீச்சர் கேட்டாங்க."

"அதுக்கென்ன," என்று ஆரம்பித்தேன். "சான்றிதழுக்கு ஏத்த மாதிரி மறுபடி வரையணும். எந்த வரிசைச் சான்றிதழா இருந்தாலும் அதுதான் முறை. அப்புறம் நாங்க பரிசீலனை பண்ணுவோம், அப்புறம் திருத்தம், அப்புறம் புதுசா கொழும்பு அங்கீகாரம்…"

என் வாயே எனக்குக் கேட்டது. பழைய பிளான் அங்கீகாரம் பெற்றது. நான் இலக்கு வைத்த அந்த நிமிடமே அது செல்லாக் காசாகிவிட்டது. பிளாட்டினம் லேப்பைத் தின்னப் பார்த்தது; என் சிக்கனச் சான்றிதழ் அந்தப் பிள்ளைகளின் வருடத்தைத் தின்றுவிட்டது. செல்வராணி சேர்க்கை, சேர்க்கை என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் கருப்பட்டி கடித்துக்கொண்டு கேட்டேன்.

ஃபாரூக்குக்கும் புரிந்துவிட்டது. என்னைத் திட்டியிருக்கலாம். "அப்ப என்ட புள்ளக்கி இல்ல," என்றார் மெதுவாக. "கமக் நே மிஸ். பொறகால வாற புள்ளைகளுக்கு ஈக்கும்தானே."

அந்தக் 'கமக் நே' எனக்குப் பொறுக்கவில்லை.

"வண்டியத் திருப்புங்க."

"ஃப்ளைட் மிஸ்…"

"திருப்புங்கன்னு சொல்றனல்ல!"

விமலசேன தன் மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து முதல் கவளத்தை எடுத்திருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன், சான்றிதழே வேண்டாம் என்று. எந்த வரிசையும் வேண்டாம். பழைய பிளானில் உயரமான ஜன்னல் இருக்கிறது, மழைக்கு அகலமான தாழ்வாரம் இருக்கிறது, மலைத் தண்ணீர் தானாக வருகிறது, ஏசி கிடையாது. அது ஏற்கனவே பசுமைதான், யாரும் மதிப்பெண் போடவில்லை, அவ்வளவுதான். அதை அப்படியே கட்டுங்கள், இன்றைக்கே அதிபர் கையில் கொடுங்கள்.

கவளம் பாதியில் நின்றது. "சான்றிதழ் வேண்டாம் என்றால் உங்களை எதற்கு மேடம் வரவழைத்தோம்?"

"இதைச் சொல்லத்தான்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார். நான் வெளியே நின்றேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் அப்படி நின்றதில்லை. உள்ளே ரொம்ப நேரம் பேச்சுக் குரல். விமலசேன வெளியே வந்தபோது, தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டதாகச் சொன்னார்: செலவு கூடுமா, குறையுமா?

"குறையும் என்றேன். அப்படியானால் சரியாம். மற்ற நேரம் முழுக்கக் குரோட்டன் செடியைப் பற்றிப் பேசினோம்."

கூட்டக் குறிப்பைத் திருத்த உட்கார்ந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இலக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. வெறுமையாக விட முடியாது. என்ன போட?"

"ஆய்வுக்கூடம் என்று போடுங்கள். சேர்க்கை முடிவதற்குள்."

அவர் எழுதினார். பழைய பிளானின் பிரதி ஒன்றை முத்திரையோடு உறையில் போட்டு, அதிபரிடம் சேர்க்கச் சொல்லி, என் பின்னாலேயே ஏறி வந்திருந்த ஃபாரூக்கின் கையில் கொடுத்தார். ஃபாரூக் அதை வாங்கிய விதத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஏசி குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

எம்.டி.க்கு வழியிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "இலக்கு வைக்க அனுப்புனா இலக்கையே எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கத்தினார். "செலவைக் கவனிக்கச் சொன்னாங்க சார். கவனிச்சுப் பாத்தா, அதுல பெரிய வெட்டிச் செலவு நாமதான்," என்றேன். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. ஊருக்குப் போனதும் எனக்கு என்ன மதிப்பெண் என்று தெரியும்.

ஃபாரூக் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு அழைத்து, விஷயத்தைக் கூவிச் சொல்லி, போனை என்னிடம் நீட்டினார். "என்ட மகள் மிஸ். உங்களோட கதைக்கணுமாம்."

"மிஸ், ரொம்ப நன்றி," என்றது ஒரு தெளிவான குரல். பிறகு தணிந்தது. "வாப்பாக்கு இது கேக்குதா?"

"இல்லம்மா."

"நான் பயோ செய்யப் போறல்ல மிஸ். மெத்ஸ். அதுக்கும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி லேப் வேணும்தானே. டாக்டர்னு சொன்னாத்தான் வாப்பா ஓடித் திரிவாருண்டு பேசாம ஈந்துட்டேன். கிளாஸ் தொடங்கின பொறகு நானே சொல்றேன். நீங்க சொல்லிடாதீங்க."

"சரிம்மா," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஃபாரூக் ஆவலாகத் திரும்பினார். "என்ன மிஸ் சொல்றா? அழுறாளா?"

"பேச்சே வரலைங்க அவளுக்கு."

"டாக்டர் ஆகப் போற புள்ள. நெஞ்சுல உறுதி வேணாமா?" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையால் தன் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றேன்.